ஒரு இழை, நூறு நிறம், ஒரே பள்ளம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், எந்த கம்பெனி கனெக்‌ஷன் ஸ்பீடு அதிகம்?" நூறு எம்.பி. போதுமா, முந்நூறு எம்.பி. வாங்கலாமா என்று விளம்பர நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். கேள்வியில் தவறில்லை. ஆனால் அது பாதிக் கேள்விதான். மீதிப் பாதியை யாரும் கேட்பதில்லை. நானும் பல வருடங்கள் கேட்டதில்லை. பட்டுக்கோட்டையில் ஒரு நாள் மதியம் நடந்த சம்பவத்துக்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அதைச் சொல்வதற்கு முன், உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும் அந்த மெல்லிய கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கண்ணாடிக்குள் வெளிச்சம்

ஃபைபர் கேபிளின் உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அதன் மொத்தத் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. நடுவில் வெளிச்சம் ஓடும் பகுதி சுமார் 9 மைக்ரான்தான். லேசர் விளக்கு அதிவேகமாக அணைந்து எரியும். எரிந்தால் 1, அணைந்தால் 0. எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான் விஷயம்.

1966-ல் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி, ஒரு கிலோமீட்டர் போன பிறகு நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம் மிஞ்சினால் கூடப் போதும், கண்ணாடி வழியே டெலிபோன் பேசலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றைய கண்ணாடியில் அதுகூட மிஞ்சவில்லை. அழுக்கை நீக்கினால் மிஞ்சும் என்றார். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த அளவைத் தாண்டியது. இன்றைய ஃபைபரில் நூறு கிலோமீட்டர் போன பிறகும் அந்த நூற்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. காவுக்கு 2009-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

முறை வைப்பதும், நிறம் பிரிப்பதும்

ஒரே இழையில் எப்படி ஆயிரக்கணக்கான வீடுகளின் டேட்டா கலக்காமல் போகிறது? இதற்குப் பெயர்தான் மல்டிபிளெக்ஸிங். இதில் இரண்டு வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வழி, முறை வைப்பது. நம் பகுதிக்கு வரும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் குறைவாக இருந்தால் என்ன செய்கிறார்கள்? இத்தனை நாள் இந்தப் பிரிவுக்கு, அத்தனை நாள் அந்தப் பிரிவுக்கு என்று முறை வைத்து விடுகிறார்கள். கால்வாய் ஒன்றுதான், நேரம்தான் பங்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளும் இதைத்தான் செய்தன. நம் பேச்சை நொடிக்கு 8,000 தடவை அளந்து எண்களாக்கி, முப்பது பேரின் பேச்சை முறை வைத்து ஒரே லைனில் அனுப்பின. முறை அவ்வளவு வேகமாகச் சுற்றி வருவதால், இடையில் நிறுத்தம் இருப்பதே நமக்குத் தெரியாது. இது நேரப் பங்கீடு.

ஆனால் முறை வைப்பதற்கு ஒரு எல்லை உண்டு. லேசரை எவ்வளவு வேகமாகத்தான் அணைத்து எரிக்க முடியும்? அங்கேதான் இரண்டாவது வழி கைகொடுக்கிறது. வானொலிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஏரியலில் எல்லா நிலையங்களின் அலைகளும் வந்து மோதுகின்றன. திருச்சி வானொலியைக் கேட்க முள்ளை 936 கிலோஹெர்ட்ஸில் வைத்தோம். முள்ளைத் திருப்பினால் வேறு நிலையம். அலைவரிசை வேறு வேறாக இருந்ததால் ஒன்றோடு ஒன்று குழம்பவில்லை.

ஃபைபரிலும் அதே கதைதான். ஒரே இழையில் பல நிற லேசர்களைச் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு நிறமும் தனி வாய்க்கால் மாதிரி தன் டேட்டாவைச் சுமந்து போகிறது. மறுமுனையில் முப்பட்டகம் மாதிரியான ஒரு கருவி நிறங்களைப் பிரித்துக் கொடுக்கிறது. நிறம் என்று சொல்கிறேனே தவிர, இவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அலைநீளம் 1550 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். பக்கத்துப் பக்கத்து நிறங்களுக்கு இடையே 0.8 நானோமீட்டர் இடைவெளி விடுவது வழக்கமான ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் ஒரு எச்சரிக்கை: கழன்று கிடக்கும் ஃபைபர் முனையை ஒருபோதும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள்.

இது 1990-களின் நடுவில்தான் வியாபார ரீதியாக வந்தது. காரணம் உண்டு. தூரம் போகப் போக வெளிச்சம் மங்கும். முன்பெல்லாம் மங்கிய வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றி, சரிசெய்து, மறுபடி வெளிச்சமாக்கி அனுப்ப வேண்டும். எண்பது நிறம் என்றால் வழிநெடுக ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்பது பெட்டி. கட்டுப்படியாகுமா? 1987-ல் எர்பியம் என்ற தனிமம் கலந்த ஃபைபர் பெருக்கி வந்தது. வெளிச்சத்தை வெளிச்சமாகவே, எல்லா நிறங்களையும் ஒரே மூச்சில் பெருக்கித் தள்ளியது. நிறங்களைக் கூட்டுவது அதற்குப் பிறகுதான் லாபமானது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிறத்தில் நொடிக்கு 100 கிகாபிட், அப்படி 80 நிறங்கள் என்றால் ஒரே இழையில் 8 டெராபிட். 4 கிகாபைட் சினிமா ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் அது 32 கிகாபிட். பழைய 56 கே டயல்-அப் மோடத்தில் இறக்க ஆறரை நாளுக்கு மேல் ஆகும். 2005-ல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் தந்த 256 கே வேகத்தில் சுமார் 35 மணி நேரம். இன்றைய 100 எம்.பி. கனெக்‌ஷனில் ஐந்தரை நிமிடத்துக்கும் குறைவு. அந்த 8 டெராபிட் இழையிலோ, ஒரே நொடிக்குள் அதுபோல நூற்றுக்குக் குறையாத படங்கள் ஓடிவிடும்!

சென்னைக் கடற்கரைக்கு வாருங்கள். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் போட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். எட்டு ஜோடி இழைகள், மொத்தக் கொள்ளளவு 8.4 டெராபிட். 2005-ல் வந்த சீ-மீ-வீ 4 கேபிளும் மும்பையோடு சென்னையையும் தொடுகிறது. அதில் இரண்டே ஜோடி இழை. ஒவ்வொரு ஜோடியிலும் 64 நிறம், நிறத்துக்கு 10 கிகாபிட் என்று 1.28 டெராபிட்டுக்குத் திட்டமிட்டார்கள். பின்னாளில் கரையில் உள்ள கருவிகளை மாற்றியே அதன் கொள்ளளவைப் பல மடங்கு உயர்த்தினார்கள். கடலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடி அதேதான்! 2024-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு சாதாரண ஃபைபரில், 50 கிலோமீட்டர் தூரத்துக்கு நொடிக்கு 402 டெராபிட் அனுப்பிக் காட்டியது. ஆய்வுக்கூடச் சாதனைதான். ஆனாலும் கண்ணாடி இன்னும் நிரம்பவில்லை என்பதற்கு அது சாட்சி.

இவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் வீட்டு மோடத்தின் பின்பக்கம் செருகியிருக்கும் ஒற்றை இழையைப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு ஃபைபர் கனெக்‌ஷன்களில் உங்களுக்கு வருவது 1490 நானோமீட்டர் நிறத்தில், நீங்கள் அனுப்புவது 1310 நானோமீட்டர் நிறத்தில். ஒரே இழை, எதிரெதிர் திசை, மோதல் இல்லை. நொடிக்கு 2.5 கிகாபிட் கொண்டுவரும் அந்த இழையை உங்கள் தெருவில் 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அப்லோடு செய்யும்போது முறை வைத்துத்தான் ஒவ்வொரு வீடும் அனுப்புகிறது. நான் சொன்ன இரண்டு வழியும் உங்கள் சுவரில் ஆணியடித்து மாட்டிய பெட்டிக்குள் வேலை செய்கின்றன.

அந்த மதியம்

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் பட்டுக்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன். ஆன்லைன் விண்ணப்பம், பிரின்ட் அவுட், ஜெராக்ஸ்தான் பிழைப்பு. கனெக்‌ஷன் போனால் கடை போச்சு என்பதால், இரண்டு வெவ்வேறு கம்பெனிகளிடம் கனெக்‌ஷன் வாங்கி வைத்திருந்தேன். ஒன்று படுத்தால் மற்றொன்று இருக்கும் என்று தைரியம்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், ஒரு நுழைவுத் தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி. கடையில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மதியம் இரண்டரை மணிக்கு மோடத்தில் சிவப்பு விளக்கு. சரி என்று அடுத்த கம்பெனிக்கு மாற்றினேன். அதிலும் சிவப்பு விளக்கு. செல்போனில் போடலாம் என்று பார்த்தால் டவர் இல்லை.

லைன்மேன் தம்பி அந்தப் பக்கம் வந்தபோது பிடித்துக் கேட்டேன். "ரோட்டோரம் வடிகால் வெட்டுற ஜே.சி.பி. கேபிளை வாரிடுச்சு சார். காலையிலதான் ஒட்ட முடியும்" என்றார்.

"அது ஒரு கம்பெனி தம்பி. நம்மகிட்ட ரெண்டு இருக்கே?"

அவர் சிரித்தார். "ரெண்டும் இங்கேருந்து தஞ்சாவூர் வரைக்கும் ஒரே கேபிள்லதான் சார் போகுது. டவருக்கும் அதுலதான் போகுது."

எனக்கு வந்தது இரண்டு பில், இரண்டு மோடம், இரண்டு பாஸ்வேர்டு. ஆனால் பாதை ஒன்றுதான். இரண்டு கனெக்‌ஷன் என்று நான் நினைத்தது ஒரே பள்ளத்துக்குள் கிடந்த ஒரே கேபிள்.

நான்கு பிள்ளைகளை மூன்றரை மணி பஸ்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். அங்கே போய் இரவுக்குள் முடித்துவிட்டார்கள். ஐந்தாவது பெண் மதுக்கூர் பக்கத்துக் கிராமம். அவள் கொடுத்திருந்தது அப்பாவின் செல் நம்பர். ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அவரோ ஊரில், டவர் இல்லாத இடத்தில். அவள் தஞ்சாவூர் போய் உட்கார்ந்தாலும் அந்த ஆறு எண் வந்து சேராது. கிராமத்துக்குப் போய் அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு மறுபடி தஞ்சாவூர் போய்ச் சேர அந்த இரவில் வழியில்லை. அடுத்த வருடம்தான் எழுதினாள். அவள் வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு வருடம் போனது போனதுதான்.

கூட்டினால் ஆபத்தும் கூடும்

மல்டிபிளெக்ஸிங் அருமையான தொழில்நுட்பம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிதாகப் பள்ளம் தோண்டாமல், இரண்டு முனையிலும் கருவியை மாற்றி, கொள்ளளவைப் பத்து மடங்கு நூறு மடங்கு ஆக்குகிறது. நம் கட்டணம் குறைந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. முன்பு ஒரு கேபிள் அறுந்தால் சில நூறு டெலிபோன்கள் ஊமையாகும். இன்று ஒரு இழை அறுந்தால் வங்கி, ஏ.டி.எம்., ரேஷன் கடை மெஷின், இ-சேவை மையம், செல்போன் டவர், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கலாம். எவ்வளவு நிறங்களைக் கூட்டுகிறோமோ, அவ்வளவு பேரின் காரியத்தை ஒரே இழையில் கட்டித் தொங்கவிடுகிறோம்.

உலக அளவிலும் இதே பாடம்தான். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவில் இன்டர்நெட் பல நாட்கள் தவழ்ந்தது. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கேபிள்கள் அறுந்தபோதும் இந்தியாவில் தாக்கம் இருந்தது. இரண்டு முறையும் அறுந்ததில் சீ-மீ-வீ 4 ஒன்று. கேபிள்கள் வேறு வேறாக இருந்தாலும் ஒரே குறுகலான கடல்வழியில் போவதுதான் பிரச்சினை. கொள்ளளவுக்குப் பஞ்சமில்லை, பாதைக்குத்தான் பஞ்சம்.

நமக்கோ வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து நம் தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்டது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கம்பத்தில் தொங்கிய கேபிளும் கம்பத்தோடு தரைக்கு வந்தது. உயிரோடு இருக்கிறோம் என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்ல வழியில்லாமல் தவித்த பெற்றோர் எத்தனை பேர்!

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் பணி, சுமார் 1,815 கோடி ரூபாய் மதிப்பில், 2022-ல் தொடங்கியது. ஊராட்சிக்கு 1 கிகாபிட் என்பது திட்டம். வரவேற்க வேண்டிய வேலை. ஆனால் அதன் கேபிளில் பெரும்பகுதி மின்கம்பங்களின் வழியே போவதாகத்தான் அமைத்திருக்கிறார்கள். கடலோர டெல்டாவுக்கு இது ஒன்றே போதுமா என்பது என் கேள்வி. மத்திய அரசே 2023 ஆகஸ்டில் பாரத்நெட்டைத் திருத்தி, 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தபோது, நேர்கோடாகப் போன இணைப்பை வளையமாக மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தது. வளையம் என்றால் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றி வரும். அந்த முடிவு காகிதத்தில் நில்லாமல் கடைமடை வரை வர வேண்டும். தண்ணீரில் கடைமடைக்கு என்ன நேர்கிறது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

செலவு யார் கொடுப்பது?

இரண்டாவது பள்ளம் தோண்டச் செலவாகும், கட்டணம் ஏறும் என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் எல்லா இடத்திலும் புதிதாகத் தோண்ட வேண்டிய அவசியமில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர் ஒரு பாதை. மதுக்கூர், மன்னார்குடி வழியாக ஒரு பாதை. பேராவூரணி, அறந்தாங்கி வழியாக இன்னொரு பாதை. ஒரு கம்பெனியின் கேபிள் ஒரு சாலையில் போனால், வேறொன்றுடையது வேறு சாலையில் போகலாம். ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் தண்டவாளத்தை ஒட்டி ஃபைபர் போட்டு வைத்திருக்கிறது. பவர்கிரிட் நிறுவனத்தின் உயர்மின் கோபுரங்களில் உச்சியில் ஓடும் கம்பிக்குள்ளும் ஃபைபர் உண்டு.

இங்கேதான் மல்டிபிளெக்ஸிங்கே மருந்தாகிறது. உன் பாதையில் எனக்கு ஒரு நிறம் கொடு, என் பாதையில் உனக்கு ஒரு நிறம் தருகிறேன் என்று கம்பெனிகள் மாற்றிக்கொள்ளலாம். எண்பது நிறத்தில் ஒரு நிறத்தைக் கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. நிறத்தை வாடகைக்கு விடுவது இந்தத் தொழிலில் புதிதும் அல்ல. ஊருக்கு இரண்டு தனிப்பாதை இருந்தே ஆக வேண்டும் என்று லைசென்ஸ் கொடுப்பவர்கள் கட்டாயமாக்க வேண்டும். கஜா மாதிரி ஒரு புயலில் எல்லாப் பாதையும் சேர்ந்து போகலாம், அதை மறுக்கவில்லை. ஒரு ஜே.சி.பி. ஒரு ஊரையே ஊமையாக்குவதையாவது தடுக்கலாமே!

நீங்கள் செய்ய வேண்டியது

கனெக்‌ஷன் எடுக்கும்போது ஸ்பீடோடு இதையும் கேளுங்கள்: "உங்கள் லைன் எந்த வழியாக வருகிறது? அது அறுந்தால் மாற்று வழி உண்டா?" பதில் தெரியாமல் விழிப்பார்கள். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

இரண்டாவது கனெக்‌ஷன் வாங்குவதாக இருந்தால் கம்பெனி வேறா என்று பார்ப்பதோடு, பாதை வேறா என்றும் பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். ஒன்று தஞ்சாவூர் வழி, மற்றது மன்னார்குடி வழி. கேட்டு வாங்க மூன்று மாதம் அலைந்தேன்.

கடைசியாக, கடைசித் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். விண்ணப்பத்தில் ஓ.டி.பி.க்காகக் கொடுக்கும் செல்போன், படிவம் நிரப்புபவரின் பக்கத்திலேயே இருக்கட்டும். சர்டிபிகேட் ஸ்கேன்களை இன்டர்நெட்டில் மட்டும் வைக்காமல் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கடையில் இப்போது ஒரு போர்டு தொங்குகிறது. "கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே வரவும்." வருகிறவர்கள் ஏன் சார் என்று கேட்டால், அந்த மதுக்கூர் பக்கத்துப் பெண்ணின் கதையைச் சொல்கிறேன்.